படம் காட்டும் பூகோளம்



ஆபிரிக்க மக்கள் எங்கே வாழ்கின்றனர் என்று கீழ்வகுப்பில் வினவினால், "காட்டில்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. சிங்கத்தை மட்டுமே காட்டிய படப்புத்தகம் கற்பித்த பாடம் அது! 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டம் பிள்ளையின் மனத்தில் ஒரே படமாய்ச் சுருங்கிவிடுகிறது.

ஆதலின் பெற்றோர் ஒரு படத்தோடு அமைதல் கூடாது. சிங்கத்தைக் காட்டிய பின், கென்யாவின் கெரிச்சோ மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்போரின் படத்தையும் காட்டுங்கள். "இது நுவரெலியாவா?" என்று பிள்ளை கேட்கும். அக்கேள்வியே பூகோளக் கல்வியின் வாயில்.

உடனே உலக உருண்டையிற் பூமத்திய ரேகையைத் தொட்டுக் காட்டுங்கள். நுவரெலியா அதற்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையிலும், கெரிச்சோ சற்றுத் தெற்கேயும் உள்ளன. வெப்பவலயத்திலிருந்தும் இரண்டும் குளிர்ந்த இடங்களே. கடல்மட்டத்திற்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிக உயரத்தில் உள்ளமையே காரணம். அக்குளிர்ச்சியோடு மழையும் சேர்வதால் ஈரிடத்தும் தேயிலை செழிக்கிறது.

இவ்வாறு கற்கும் பிள்ளை இடங்களின் பெயரை மட்டுமன்றி, அவை அவ்வாறு அமைந்த காரணத்தையும் அறியும். அதனினும் மேலாக, பிறநாட்டாரை வேடிக்கைப் பொருளாய் எண்ணாது, நம்மைப்போல் உழைத்துண்ணும் மாந்தராய் மதிக்கும்.