காஞ்சியைப் பார்த்தவரின் ஊரில்



காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் படித்த எவருக்கும் யுவான் சுவாங் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தார், பல்லவர் காலத்துக் காஞ்சியைப் பார்த்தார், எழுதி வைத்தார். பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. நானும் அந்த விடையை எழுதியவள்தான். ஆனால் அவர் எந்த ஊரிலிருந்து கிளம்பினார், திரும்பிப் போய் என்ன செய்தார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சீனாவின் செங்டு நகரில் மருத்துவம் படித்தபோது, மூன்றாம் ஆண்டில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. திருநெல்வேலிக்காரத் தோழி ஒருத்தி, செங்டுவிலேயே பிறந்து வளர்ந்த சீன வகுப்புத் தோழி ஒருத்தி, நான் என்று மூவரும், யுவான் சுவாங் புறப்பட்ட ஊரான ஷிஆன் நகரைப் பார்க்கக் கிளம்பினோம்.

செங்டுவிலிருந்து ஷிஆனுக்கு 2017ஆம் ஆண்டின் கடைசியில் அதிவேக ரயில் வந்துவிட்டது. நான்கு மணி நேரப் பயணம். நடுவில் சின்லிங் மலைத்தொடர் குறுக்கே படுத்திருக்கிறது. சுரங்கத்துக்குள் நுழைவதும், ஒரு நொடி வெளிச்சம் கண்ணில் அடிப்பதும், மறுபடி சுரங்கமுமாக ரயில் போகும். மலைக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. மலையைத் தாண்டி இறங்கியதும் மண்ணின் நிறமே மாறிவிட்டது. மஞ்சள் மண், வறண்ட காற்று. சோறு தின்னும் சீனாவிலிருந்து ரொட்டி தின்னும் சீனாவுக்கு வந்துவிட்டோம் என்று சீனத் தோழி சொன்னாள்.

ஷிஆனுக்குப் போகும் எவரும் முதலில் பார்க்க ஓடுவது சுடுமண் வீரர்களை. நாங்களும் ஓடினோம். நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். 1974இல் வறட்சிக்குக் கிணறு தோண்டிய உழவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது, சின் ஷி ஹுவாங் பேரரசர் தன்னோடு புதைக்கச் செய்த படை. முதல் குழி மட்டுமே 230 மீட்டர் நீளம். மொத்தம் எட்டாயிரம் உருவங்கள் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். புதைக்கும்போது அவற்றுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். தோண்டி எடுத்துக் காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே பூச்சு சுருண்டு உதிர்ந்துவிட்டதாம். பேரரசரின் சமாதி மேட்டை இன்றுவரை திறக்கவில்லை. அதைத் திறக்காமல் விட்டு வைத்திருக்கும் பொறுமைதான், அந்த வீரர்களைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது. வெளியே வந்தால் சாலையோரமெல்லாம் மாதுளை. அந்தப் பக்கத்து மண்ணில் மாதுளை நன்றாக விளைகிறது. முழங்கை வரை சாறு ஒழுக நின்றபடியே தின்றோம்.

மறுநாள் காலை நகர மதில்மேல் வாடகைச் சைக்கிள் ஓட்டினோம். 1370களில் மிங் அரசர்கள் எழுப்பிய மதில் அது. நகரைச் சுற்றி ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர், மேல்தளம் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அகலம். செங்கல் பாவிய தளம் என்பதால் எலும்பெல்லாம் ஆடிவிடும். ஓட்டிக்கொண்டே, யுவான் சுவாங் திரும்பி வந்து கட்டிய கோபுரம் எங்கே என்று கேட்டேன். அந்தப் பெயர் சீனத் தோழிக்குப் புரியவில்லை. நான் கதையைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. “தாங் செங்!” என்றாள். தாங் காலத்துத் துறவி என்று பொருள். குரங்கு வீரன் துணைக்கு வர மேற்கே புத்த நூல் தேடிப் போகும் துறவியாக, ‘மேற்குப் பயணம்’ என்ற நாவல் வழியாகச் சீனக் குழந்தைகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தவர், அவர்களுக்குப் பாட்டி சொல்லும் கதை.

கோபுரம் மதிலிலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. தெற்கு மதிலுக்கும் வெளியே, நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்கு வெளியே ஏன் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். உண்மையில் அன்று அது ஊருக்குள்தான் இருந்தது. தாங் காலத்தில் இந்த ஊரின் பெயர் சாங்ஆன். இன்றைய மதிலுக்குள் இருப்பதைப் போல ஏழு மடங்கு பெரிய நகரம். பேரரசு சரிந்தபின் நகரம் சுருங்கிவிட்டது, கோபுரம் வெளியே நின்றுவிட்டது.

பெரிய காட்டு வாத்துக் கோபுரம் என்று அதற்குப் பெயர். அரசு தடை செய்திருந்தும் சாங்ஆனிலிருந்து ரகசியமாக வெளியேறி, பாலைவனமும் பனிமலையும் கடந்து நம் நாட்டுக்கு வந்த யுவான் சுவாங், 645இல் 657 நூல்களோடு திரும்பினார். ஓடிப்போனவரை ஊரே திரண்டு வரவேற்றது. அந்த நூல்கள் தீயில் அழியாமல் இருக்க ஒரு கற்கோபுரம் வேண்டுமென்று பேரரசரிடம் விண்ணப்பித்தார். கல்லில் கட்ட அனுமதி கிடைக்கவில்லை, செங்கல்லில் கட்டக் கிடைத்தது. 652இல் வேலை தொடங்கியபோது அவரும் கூடையில் செங்கல் சுமந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. ஊர் திரும்பியதிலிருந்து இறக்கும்வரை பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். முடித்தது 75 நூல்கள். நடந்ததைக் காட்டிலும் இந்தப் பத்தொன்பது ஆண்டு உட்கார்ந்திருந்ததுதான் பெரிய பயணம் என்று எனக்குத் தோன்றியது.

ஏழு நிலை, 64 மீட்டர் உயரம். மரப்படியில் சுற்றிச் சுற்றி ஏறினோம். உச்சி நிலையின் நான்கு பக்கச் சாளரங்கள் வழியாகவும் அகன்ற சாலைகள் நேர்க்கோடாக ஓடுவது தெரிகிறது. அங்கே நின்றுதான் சீனத் தோழி தன் கைபேசியில் யுவான் சுவாங்கின் பயண நூலைத் தேடி எடுத்தாள். நான் சொன்ன பகுதிக்கு வந்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். “தா-லுவோ-பி-தூ.” திராவிடம். “ஜியென்-ஜி-பு-லுவோ.” ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காஞ்சிபுரம்! எங்கள் ஊர்ப் பெயரைச் சீன நாக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கைலாசநாதர் கோயில் எழும்புவதற்கும் முன்பு எழுதிய எழுத்து அது.

அவர் எழுதும் முறை ஒன்று உண்டு. நாட்டின் சுற்றளவு, மண், விளைச்சல், வெயில், மக்களின் குணம், மடங்களின் எண்ணிக்கை, இப்படி ஊருக்கு ஊர் ஒரே ஒழுங்கு. எங்கள் நிலம் செழிப்பானது, வெப்பமானது, மக்கள் துணிவுள்ளவர்கள், நேர்மையைப் பெரிதாக மதிப்பவர்கள், கல்வியைப் போற்றுபவர்கள் என்று எழுதியிருக்கிறார். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. அடுத்து மொழிக்கு வந்தார். பேச்சும் எழுத்தும் நடு இந்தியாவிலிருந்து கொஞ்சமே மாறுபட்டவை என்கிறார்.

தமிழா? நெல்லைத் தோழி உடனே சண்டைக்கு நின்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தங்கியது மடங்களில், பேசியது சமஸ்கிருதம் அறிந்த துறவிகளோடு. தெருவில் கூவி விற்றவளின் தமிழ் அவர் காதில் விழாமலே போயிருக்கலாம். இவ்வளவு கவனமான மனிதருக்கும், கூட இருந்தவர்கள் பேசிய அளவுக்குத்தான் ஒரு நாடு கேட்டிருக்கிறது.

அன்று இரவு முஸ்லிம் தெருவுக்குச் சாப்பிடப் போனோம். ஹுய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. கவிகை மாடம் இல்லாமல், சீன ஓட்டுக் கூரையோடு ஒரு பழைய பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. யாங்ரோ பாவ்மோ கேட்டோம். ஒரு காலிக் கிண்ணமும் கெட்டி ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். நாமே பிய்த்துப் போட்டுக் கொடுத்தால், ஆட்டுச் சாறு ஊற்றிக் கொதிக்க வைத்துத் திரும்பத் தருவார்கள். சால்னாவில் ஊறப்போட்ட புரோட்டா நினைப்பில் நாங்கள் பெரிது பெரிதாகப் பிய்த்தோம். எதிரே இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. தன் கிண்ணத்தைக் காட்டினார். துவரம் பருப்பு அளவுக்குத் துண்டுகள். அவசரப்பட்டால் சாறு உள்ளே இறங்காது என்பதுபோல ஏதோ சொன்னார். சீனத் தோழியே இரண்டு முறை திரும்பக் கேட்டுத்தான் எங்களுக்குச் சொன்னாள். அரை மணி நேரம் பிய்த்தோம். பெரியவர் எட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கிண்ணம் அடுப்படிக்குப் போனது.

திரும்பும் ரயிலில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, யுவான் சுவாங்கின் வரிசையிலேயே எழுதினேன். மண்: மஞ்சள், பொடிப்பொடியாக உதிர்வது. விளைச்சல்: கோதுமை, மாதுளை. காற்று: வறண்டது, உதடு வெடிக்கும். மக்கள்: அந்நியர் தவறாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். மொழி என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். பெரியவர் பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, தோழி சொன்னதைத்தான் கேட்டேன் என்று அந்த இடத்தில் எழுதி வைத்தேன்.