குழந்தைகளின் மூளை ஜுரம்

கொல்கத்தாவில் பல வருஷம் குழந்தை வைத்தியனாக இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

மூளை ஜுரம் கிராமத்து வியாதி என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. ஜப்பானிய மூளை ஜுரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். இந்தியாவில் முதலில் 1955ல் நம் வேலூர்ப் பக்கம் தெரியவந்தது. வங்காளத்தில் 1973ல் பாங்குரா, பர்த்வான் ஜில்லாக்களில் பரவியது. நெல்வயல் தண்ணீரில் பெருகும் கொசுதான் பரப்புகிறது. (அதில் ஒரு இனத்துக்கு க்யூலெக்ஸ் விஷ்ணுயி என்று பெயர். வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ!) அந்த வைரஸைக் கொல்ல இன்றும் மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. அரசு 2006ல் ஊசி போட ஆரம்பித்த ஜில்லாக்களில் பர்த்வானும் ஒன்று.

ஆனால் பட்டணத்துக் குழந்தைக்கும் மூளை வீங்கும். ஹெர்பிஸ் வைரஸ் ஒரு காரணம். இதற்கு அசைக்ளோவிர் இருக்கிறது. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்த அன்றே ஏற்ற ஆரம்பிக்கிறோம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும், "கால் விளங்காமப் போயிடுமா டாக்டர்?" என்று கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. பயம் வேண்டாம்.

இன்னொரு வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது. இதில் என்எம்டிஏ என்ற ஒரு வகையை 2007ல் டாக்டர் டால்மாவ் குழுவினர் அமெரிக்காவில் அடையாளம் காட்டினார்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று தூங்காது, சம்பந்தமில்லாமல் பேசும், பிறகு பேச்சே நின்றுவிடும். வாய் கோணிக்கொண்டே இருக்கும். ஜுரம் இல்லாமலும் இருக்கலாம். நான் பார்த்த எட்டு வயசுக் குழந்தைக்கு மூன்று வாரம் தாயத்தும் தூக்க மாத்திரையும்தான் நடந்திருந்தது. பாட்டி மட்டும், "இது பிடிவாதம் இல்லே, குழந்தை முழுங்கவே கஷ்டப்படறா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தோம், போதவில்லை. பிறகு ரிட்டுக்ஸிமாப். நாலு மாசம் கழித்துப் பேச்சு வந்தது. இந்த வியாதியில் ஐந்துக்கு நாலு பேர் இரண்டு வருஷத்தில் நன்றாகத் தேறுகிறார்கள் என்று 2013ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தவர்கள் அதிகம் தேறினார்கள்.

ஆகவே ஜுரத்தோடு பிதற்றல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, அல்லது ஜுரமே இல்லாமல் குணம் மாறுவது, எதுவானாலும் குழந்தைகள் ஐ.சி.யு. உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனும் வேண்டாம், கையில் சாவியும் வேண்டாம். வீடு திரும்பிய குழந்தையை அந்த வருஷப் பரீட்சைக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்விகளை இப்போது கேட்கலாம்.