பேட்டரி வாங்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட், தண்ணீர் லாரி, குப்பை வண்டி என்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் கார் பேட்டரி பற்றிப் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வவுச்சரில் உள்ளதும் லெட்ஜரில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. பேட்டரி விஷயத்திலும் அந்தப் பழக்கம் ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம்.

நம் பார்க்கிங்கில் நிற்கும் பெரிய வண்டிகளை ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவை. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டா 2015-இல் விற்பனைக்கு வந்தது. ஒரகடத்தில் தயாரான டஸ்டர் 2012-இல் வந்தது, 2022-இல் அந்தப் பழைய மாடல் நின்றுபோனது. மறைமலைநகர் ஈக்கோஸ்போர்ட் 2013-இல் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததோடு அதுவும் போயிற்று. மாடல் நின்றாலும் வண்டி ஓடத்தான் செய்கிறது. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை பேட்டரி கேட்கத்தான் செய்யும். அந்தச் சமயத்தில்தான், “எல்லாம் ஒண்ணுதான் சார், இதுவும் உட்காரும்” என்ற வாசகம் நம் காதில் விழுகிறது.

அப்படி உட்கார வைத்த ஒரு பேட்டரியின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். நம் குடியிருப்பில் ஒரு நண்பர், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. அவசரத்தில் ஒரு கடையில் சொல்லி, இருந்ததைப் போட்டுக்கொண்டார். பேட்டரி பழையதைவிடச் சற்று உயரம். அடியில் பிடிக்கும் கிளாம்ப் பொருந்தவில்லை. கடைப்பையன் பழைய டியூப் ரப்பரை மடித்துச் செருகி, “ஆடாது சார்” என்று சொல்லிப் போய்விட்டான். பத்து நாள் ஆடவில்லை. ஒரு மாலை மனைவி, இரண்டு வயதுக் குழந்தையுடன் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டப் என்று ஒரு சத்தம், கருகிய வாசனை, வண்டி அணைந்துவிட்டது. பேட்டரி எகிறி, பாசிட்டிவ் டெர்மினல் பானெட்டின் உட்புறத் தகரத்தில் பட்டிருக்கிறது. தகரத்தில் உருகிய தழும்பு இன்றும் இருக்கிறது. கார் பேட்டரியில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். பக்கத்திலேயே எரிபொருள் குழாய், வயர்கள். அன்று மூவரும் இறங்கி ஓரமாக நின்றார்கள். அதோடு போயிற்று.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பிராண்டு அல்ல, அளவு. எக்ஸைடா அமரானா என்று நம் ஆட்கள் டீக்கடையில் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். ஒன்றுக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது, மற்றது திருப்பதிப் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் நல்ல சரக்குதான். இரண்டிலும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாத பேட்டரியும் இருக்கிறது.

சந்தையில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று ஜெர்மன் வழி வந்த டின் வகை. ஐரோப்பிய வடிவமைப்பு வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். அகலம் 175 மி.மீ., நீளம் 207, 242, 278, 315 என்று படிப்படியாக ஏறும். உயரத்தில் மட்டும் 175, 190 என்று இரண்டு உண்டு. டெர்மினல்கள் மேல்மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் பதிந்திருக்கும். அடியில் ஒரு விளிம்பு இருக்கும், கிளாம்ப் அந்த விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். இன்னொன்று ஜப்பானிய ஜிஸ் வகை. இதில் பெட்டியே சுமார் 204 மி.மீ. உயரம், அதன் தலைக்கு மேல் டெர்மினல் நீட்டிக்கொண்டிருக்கும். மொத்தம் 225 வரை வரும். மேலே ஒரு பட்டை போட்டு, நீள போல்ட்டால் இறுக்குவார்கள். டின் இருந்த இடத்தில் ஜிஸ் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 190-க்குப் பதில் 225, அதாவது மூன்றரை சென்டிமீட்டர் கூடுதல். பானெட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே சில வண்டிகளில் இருக்கும் மொத்த இடைவெளியே அவ்வளவுதான்.

பேட்டரி மேல் உள்ள எண்களைப் படிப்பது கடினமில்லை. டின்60 என்றால் ஏறக்குறைய 60 ஆம்பியர்-அவர். ஜிஸ் வகையில்தான் ஏமாறுவோம். 80டி26ஆர் என்று இருந்தால் அது 80 ஆம்பியர்-அவர் அல்ல. 80 என்பது திறனைக் குறிக்கும் தர எண். உண்மையான கொள்ளளவு அதைவிடக் குறைவு. ‘டி’ என்பது அகலம்-உயரத்தின் வகை, 26 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து எல்லா, ஆரா என்பது பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு இடது வலது பார்ப்பது என்பதில் கடைக்குக் கடை ஒரு விளக்கம் கேட்டிருக்கிறேன். அந்த விவாதத்தில் இறங்காதீர்கள். பழைய பேட்டரி வண்டியில் இருக்கும்போதே மேலிருந்து ஒன்று, லேபிளை ஒன்று, அடிக் கிளாம்பை ஒன்று என்று மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைப் பக்கத்தில் வைத்து, பிளஸ் அதே மூலையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தப்பான பக்கம் வந்தால் வயர் எட்டாது. இழுத்து மாட்டினால் வயர் உரசும். சின்ன ஜிஸ் பேட்டரிகளில் டெர்மினல் ஒல்லியாகவும் இருக்கும். வண்டியின் தடித்த வளையத்துக்குள் அது லொடலொடவென்று ஆட, தகட்டைச் சுற்றி இறுக்குவார்கள். அந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று. முன்பு வண்டியில் இருந்ததே கம்பெனி அளவு என்று நம்ப வேண்டாம், குறிப்பாக செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்கள். ஒரே பெயருள்ள வண்டியிலேயே பெட்ரோலுக்கு ஒரு பேட்டரி, டீசலுக்கு அதைவிடப் பெரியது. டீசல் எஞ்சினைச் சுற்றிவிட அதிக பலம் வேண்டும். கையேட்டில் உங்கள் எஞ்சினுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கையேடு டேஷ்போர்டு டிராயரில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும்.

சிக்னலில் நின்றால் தானே அணைந்து, கிளட்ச்சைத் தொட்டால் தானே கிளம்பும் வண்டி உங்களுடையதா? அப்படியானால் சாதாரண பேட்டரி கூடாது. ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்ற வகைதான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும்படி செய்தவை அவை. விலை கூடுதல். அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடித்தால் சீக்கிரத்திலேயே மறுபடி கடைக்குப் போவீர்கள். கம்பெனி ஏ.ஜி.எம். போட்டிருந்தால் ஏ.ஜி.எம்.தான், அதிலிருந்து கீழே இறங்கக் கூடாது.

வாங்கும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: உண்மையில் போனது பேட்டரிதானா? சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8-இலிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் எழுந்துவிடும். (சங்கக் கணக்கில் ஒரு மல்டிமீட்டர் வாங்கலாம் என்பது என் கோரிக்கை. பொருளாளர் என்னைப் பார்த்து முறைக்க வேண்டாம்.)

நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களின் வண்டிக்கு ஓட்டத்தால் வரும் கேட்டைவிட ஓடாமல் நிற்பதால் வருவதே அதிகம். பூட்டி நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், முப்பது நாளில் 36. டின்60 பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. அமெரிக்காவில் பேரனைப் பார்க்க ஆறு மாதம் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது: நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், அல்லது வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்ட நம்பகமான ஆளிடம் சாவியைக் கொடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெயிலும் ஒரு காரணம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி. நம் ஊர் மே மாதத்தில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நிழல் பார்க்கிங்குக்கு நாம் போடும் சண்டையில் இந்த ஒரு நியாயம் இருக்கிறது.

இனி என் சொந்த இலாகா, அதாவது ரசீது. பேட்டரி கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள், குறியீடாக இருந்தால் விளக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் பழையதென்றால் வேறு கேளுங்கள். வாரண்டியில் “24 + 24” என்று இருந்தால் நான்கு வருடம் இலவசம் என்று அர்த்தமில்லை. முதல் 24 மாதம் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் விலையில் ஒரு சதவீதத் தள்ளுபடி மட்டும். அந்தத் தள்ளுபடி எம்.ஆர்.பி.யின் மேல் என்பதைக் கவனியுங்கள். ஒரு பேச்சுக்கு எம்.ஆர்.பி. 9,000, தள்ளுபடி 30 சதவீதம் என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 6,300. அதே கடையில் பழையதைக் கொடுத்துப் புதியது 6,500-க்கு வாங்க முடியுமானால் உங்கள் நான்கு வருட வாரண்டியின் மதிப்பு 200 ரூபாய். இலவசமாக மாற்றிய பேட்டரிக்கு மீதி வாரண்டியா, புது வாரண்டியா என்பதையும் கேளுங்கள். சீரியல் எண்ணும் வண்டி எண்ணும் கார்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.யும் மாறியிருக்கிறது. கார் பேட்டரிக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அடக்க விலை 6,000 என்றால் 600 ரூபாய் வித்தியாசம். “பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்” என்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை.

பழைய பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்கிறேன். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். காயலான் கடைக்காரர் நூறு இருநூறு கூடத் தருகிறார் என்று கொடுத்தால், அது எங்கோ ஒரு கொல்லையில் உடைக்கப்பட்டு, ஆசிட் மண்ணில் ஊற்றப்பட்டு, ஈயம் திறந்த வெளியில் உருக்கப்படலாம். யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடிக் குழந்தைகள் வரை ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயத்தோடு இருப்பதாகச் சொன்னது. இப்படி உருக்கப்படும் பேட்டரிகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைக் குப்பையோடு போடாமல் முறையான சேகரிப்பில் ஒப்படைப்பது வாங்கியவரின் பொறுப்பும்கூட. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, பழையதற்குக் கழித்த தொகையை பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேட்டரி நம் ஜெனரேட்டர் அறை மூலையில் யார் பெயரும் இல்லாமல் கிடக்கின்றன. உரியவர்கள் இந்த மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளவும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீழ்த்தள பார்க்கிங்கில் என் சொந்த மீட்டரோடு இருப்பேன். வேண்டியவர்கள் வரலாம். முந்தின இரவுக்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள், பானெட் லீவர் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்துவிடுங்கள்.