சிக்கனமே சுயமரியாதை
(கரியாலூரில் பேசியது)



மலையில் விளைந்த சாமையையும் தினையையும் உண்டு, கிழிந்ததைத் தைத்து உடுத்திய உங்கள் பெரியவர்களைப் பட்டணத்தான் "நாகரிகமற்றவர்கள்" என்றான். அந்த நாகரிகனோ பெரியார் அருவியில் குளித்துவிட்டு, ஐந்து நிமிஷம் உபயோகித்த பிளாஸ்டிக் பையை உங்கள் பேரன்மாருக்கும் மிஞ்சும்படி எறிந்து போகிறான். அதைத் தின்று சாவது மாடு! இதில் யார் அறிவாளி?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அப்பைக்குத் தடை. 2021 டிசம்பரில் சர்க்காரே "மீண்டும் மஞ்சப்பை" என்றது. சட்டம் தடுக்கலாம், நம் ஆசையைத் தடுக்குமா? அடுத்த வீட்டான் வாங்கினான் என்பதற்காகக் கடன்பட்டு வாங்குவது அடிமைப்புத்தியே.

ஆகவே, துணிப்பையோடு கடைக்குப் போங்கள். "இது வேண்டுமா?" என்று கேட்டு வாங்குங்கள். பழுதானதைச் செப்பனிடுங்கள். இது கஞ்சத்தனமல்ல, கடன்காரன் முன் கைகட்டி நிற்காத மானமாகும்.