பீர் ஆலையும் நம் பழைய அரிசி ஆலையும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

கோயில் ஊரில் பீர் ஆலையைப் பற்றிப் பேச்சா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் பேச வந்தது குடியைப் பற்றி அல்ல, கட்டடத்தைப் பற்றி.

19-ஆம் நூற்றாண்டில் பல பீர் ஆலைகளைக் கோபுரம்போல் அடுக்கடுக்காகக் கட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியும் தானியமும் உச்சியில் இருக்கும். முளைகட்டி அரைத்த பார்லி அதற்கடுத்த தளத்தில் வெந்நீரில் ஊறும். அந்தச் சாறு கொதித்து, ஆறி, கீழே இறங்கி நொதிக்கும். பம்பு செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கட்டடத்தின் உயரமே செய்துவிடும். நொதிப்பதற்குக் குளிர்ச்சி தேவை. குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முன் கசௌலி, நீலகிரி, நுவரெலியா என்று மலையூர்களைத் தேடிப் போனது அதனால்தான்.

நீலகிரி, பெங்களூரு ஆலைகள் உட்பட 5 நிறுவனங்களை இணைத்து 1915-இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். பெங்களூருவில் அந்த ஆலை இருந்த இடத்தில் இன்று யூபி சிட்டி நிற்கிறது. கடைகள், அலுவலகங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆலையின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டப்ளினில் வேறு மாதிரி நடந்தது. கின்னஸ் நிறுவனம் 1904-இல் கட்டி முடித்த நொதிப்புக் கூடம் 1988 வரை ஓடியது. எஃகுச் சட்டத்தால் எழுப்பிய அந்தக் கட்டடத்தை இடிக்காமல், 2000-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். ஊருக்கு வருகிறவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் இடமாக அது ஆகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? நம் காம்பவுண்டின் பின்பக்கம் பில்டர் விட்டுவைத்த அரிசி ஆலைக் கொட்டகை இருக்கிறது. நெல் ஊறிய தொட்டிகள், புகைபோக்கி, அவித்த நெல் காய்ந்த களம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அடுத்த பொதுக்குழுவில் அதை இடித்து கார் நிறுத்த இடமாக்கும் தீர்மானம் வருகிறது. இடநெருக்கடி உண்மைதான், இரவில் வண்டியை வெளியே விட்டுவிட்டு வருகிறவர்களில் நானும் ஒருவன்.

என் வேண்டுகோள் மூன்று. முதலில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு சோதிப்போம்; புகைபோக்கி ஆபத்து என்றால் இறக்கிவிடலாம். களத்தில் கார்களை நிறுத்துவோம், கொட்டகையை நம் கூட்ட அரங்காக்குவோம். எதை முடிவு செய்தாலும், அதற்கு முன் அளவெடுத்து, படம்பிடித்து, அங்கே வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம்.

இடிக்க ஒரு நாள் போதும். இடித்தபின் யோசித்துப் பயனில்லை. பொதுக்குழுவுக்கு எல்லோரும் தவறாமல் வாருங்கள்.