கடல் கடந்த குடியானவரும் அவர் சந்ததியாரும்

(பெரிய முதலியார்சாவடியில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



நமது குல வரலாற்றுப் பதிவேட்டை எழுதத் தொடங்கியிருக்கும் இத்தருணத்தில், அதில் எவர் பெயர் ஏறலாம், எவர் பெயர் ஏறலாகாது என்னும் வினா எழுந்துள்ளது. ஊரிலேயே வாழ்ந்து ஊரிலேயே மாண்டவர்களைப் பற்றி ஐயமில்லை. கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியே தர்க்கம். கடல் கடந்தவர் ஆசாரம் இழந்தவர் என்று நம் முன்னோரிற் சிலர் கருதியதுண்டு. அக்கருத்து இப்போது வாயளவில் மறைந்துவிட்டதெனினும், வமிசாவளி எழுத உட்காருமிடத்து எழுதுகோலைச் சற்றே தடுக்கின்றது. நாம் இதைப் பற்றிச் சொல்ல நினைப்பதை ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டே சொல்லப் புகுகின்றோம்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் நிலையை முதலிற் கவனியுங்கள். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள்; கிழக்கே கடல்; மேற்கே செம்மண் மேடு; தெற்கே புதுவை. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுவை இந்தியாவின் கைக்கு வரும் வரையில், நம் ஊரார் ஆங்கிலேயரது தென்னார்க்காட்டு ஜில்லாவின் குடிகள். புதுவையார் பிரெஞ்சுக்காரரின் குடிகள். காலையிற் புறப்பட்ட ஒருவன் உச்சிப் பொழுதுக்குள் ஓர் இராச்சியத்தை விட்டு மற்றோர் இராச்சியத்துள் நுழைந்துவிடுவான். சந்தைக்குப் போகிறவனுக்கு அதனால் சுங்கத் தொல்லையன்றி வேறொன்றுமில்லை. கப்பலேறப் போகிறவனுக்கோ அவ்வெல்லை பேரன் காலம் வரையில் தொடர்ந்தது. எவ்வாறெனிற் கூறுவோம்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் 1848ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களிற் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டகன்றனர். தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடி, நம் கரையை நோக்கினர். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய குவாதலூப்புக்கு முதற்கப்பல் 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. ஒரேலி என்பது அதன் பெயர். புதுவை, காரைக்கால் ஆகிய பிரெஞ்சு மண்ணில் மட்டும் போதிய ஆட்கள் கிடையாமையால், 1861ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இரு அரசாங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஆங்கில எல்லைக்குட்பட்ட குடியானவனையும் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சேர்த்தனுப்பலாயிற்று. மேஸ்திரிகள் கிராமங்களிற் புகுந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இச்சபையில் இன்னும் இருக்கக்கூடும்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. காலம் முடிந்தபின் திரும்பும் கப்பற் செலவு இலவசம். இவை ஏட்டிலிருந்தவை. தோட்டத்தில் நடந்தது வேறாகவே, 1888இல் ஆங்கில அரசாங்கமே அத்தீவுக்கு ஆளனுப்புதலை நிறுத்திவிட்டது. அதற்குள் சுமார் 42,000 பேர் அங்கே இறக்கப்பட்டிருந்தனர். தாயகம் திரும்பியவர் பத்தாயிரத்துக்கும் குறைவு. மற்றவர்களிற் பெரும்பாலோரைக் காய்ச்சலும் கடும் உழைப்பும் கொண்டுபோயின. உயிரோடு எஞ்சியவர் அம்மண்ணிலேயே வேரூன்றினர்.

அவ்வாறு வேரூன்றிய குடும்பங்களில் ஒன்றில், கப்பெஸ்தேர் என்னும் ஊரில், 1863ஆம் ஆண்டு பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பெற்றோர் இந்தியாவிலிருந்து கப்பலிற் போனவர்கள். சிதம்பரம் என்னும் தனிப்பெயர் பிரெஞ்சு எழுத்தனின் கையில் 'சிதம்பரோம்' என உருமாறிக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. நம்மவர்க்குத் தலைமுறைதோறும் மாறும் பெயர், அங்கே ஒருமுறை எழுதப்பட்டவுடன் கல்வெட்டாயிற்று. முத்துசாமி, இராமசாமி, வீரப்பன் என்னும் பெயர்களெல்லாம் இன்றும் அத்தீவில் குடும்பப் பெயர்களாக உலவுகின்றன. 1981 முதல் 2002 வரையில் பாரிஸ் சட்டசபையில் அத்தீவின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர் எர்னஸ்த் முத்துசாமி என்பவரே.

ஆயின் அத்தகைய ஆசனத்துக்கு வழி திறந்தது எளிதாக அன்று. 1904ஆம் ஆண்டு, தீவிற் பிறந்த இந்தியர் மக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிற் சேர்க்கலாகாதென்று கவர்னர் லா லுவாயேர் வழக்குத் தொடுத்தார். அவர்கள் பிரெஞ்சுக் குடிகளல்லர் என்பது வாதம். எல்லை தாண்டி நடந்த தகப்பனின் அடிச்சுவடு, அவனுக்குப் பிறந்த மகனின் வாக்குச் சீட்டில் வந்து விழுந்தது காண்மின்! அக்காலத்துப் புதுவையில் நம் உறவினன் ஒருவன், அவ்வெல்லைக்குத் தெற்கே பிறந்த ஒரே காரணத்தால், பாரிஸுக்குப் பிரதிநிதி அனுப்பும் தேர்தலில் வாக்களித்தான். கடலுக்கப்பால் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியிற் படித்து, அந்நாட்டுக் கரும்பை வெட்டியவனுக்கு அது மறுக்கப்பட்டது.

ஹென்றி சிதம்பரம் அவ்வழக்கை எதிர்த்து நின்றார். பிரெஞ்சு மண்ணிற் பிறந்து அங்கேயே வாழும் அயலாரின் மக்களுக்கு 1889ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளிக்கின்றது. அச்சட்டம் குவாதலூப்புக்கும் உரியது. அதையே அவர் தரப்பினர் பற்றுக்கோடாகக் கொண்டனர். ஓராண்டில் முடிந்த காரியமன்று. மனுவும் மறுமனுவுமாய்ப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. இடையே ஐரோப்பாவின் பெரும் யுத்தமும் வந்து போயிற்று. 1923ஆம் ஆண்டில், புவாங்காரே பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், இந்தியரின் சந்ததியார் பிரெஞ்சுக் குடிகளே என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. சிதம்பரம் அதன்பின்னும் பல்லாண்டு வாழ்ந்து 1952இற் காலமானார். நாற்பது வயதிற் பிடித்த வழக்கை அறுபது வயது வரையில் விடாத அப்பிடிவாதத்தை நாம் மிகவும் போற்றுகின்றோம். தமக்கு மட்டும் வேண்டியிருந்தால் அவர் எப்போதோ அமைதியுற்றிருப்பார் என்பது நம் எண்ணம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அவர்கள் கிறிஸ்தவப் பெயர் பூண்டு, தமிழை மறந்து, சாதி இன்னதென்று அறியாதவராயினரே. அவர்களை நாம் எங்ஙனம் நம்மவரெனக் கொள்வது? மறந்தது மெய். மூன்று மாதம் ஒரே பாத்திரத்தில் உண்டு, ஒரே தட்டிற் படுத்துக் கடலைக் கடந்தவர்களிடத்தில் பந்தி பேதம் நிலைத்திராது. இருப்பினும் மாரியம்மனை 'மலியேமேன்' என்றும், மதுரைவீரனை 'மல்தேவிலேன்' என்றும் அவர்கள் அழைத்து இன்றும் ஆட்டுக்கிடா வெட்டிப் பூசை போடுகின்றனர். கப்பெஸ்தேரிலேயே ஷாஞ்ஜி என்னுமிடத்தில் அம்மனுக்குக் கோயிலுண்டு. நம் குழம்பைக் 'கொலொம்போ' என்றழைத்து அத்தீவிலுள்ள எல்லாச் சாதியாரும் எல்லா நிறத்தாரும் உண்கின்றனர். நம்மில் எத்தனை பேர் வீட்டில் மதுரைவீரனுக்கு இன்று படையல் நடக்கின்றது என்று எண்ணிப் பார்த்தபின் அந்த ஆட்சேபத்தைத் தொடர்ந்து பேசுவோம்.

இவ்விடத்தில் அயர்லாந்து தேசத்தாரை நினைத்தல் தகும். அவர்களும் குடியானவர்கள், அவர்களும் ஆங்கிலேயரின் ஆட்சியிலிருந்தவர்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழ, சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அவ்வளவு பேரே கப்பலேறினர். இன்று அவர்தம் கொள்ளுப்பேரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, பாட்டன் உழுத காணி எதுவென்று கேட்கின்றனர். 1922இல் டப்ளின் நகரத்து ஆவணச்சாலை தீக்கிரையாகிப் பழைய குடிக்கணக்குகள் பல சாம்பலாயின. ஆயினும் சிற்றூர் மாதாகோயில்களின் ஞானஸ்நானப் புத்தகங்களும் நிலவரிக் கணக்குகளும் எஞ்சியமையால், வருகிறவர்க்கு ஒரு பக்கத்தையேனும் திறந்து காட்ட முடிகின்றது.

நம்மிடம் அத்தகைய ஞானஸ்நானப் புத்தகம் இல்லை. கடலின் அக்கரையில் ஏடுகள் உள்ளன. மொரீஷியஸ் தீவில் மகாத்மா காந்தி நிலையத்தார் காத்துவரும் பதிவேடுகளில், இறங்கியவனின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் முதலியன எழுதப்பட்டுள்ளன. ஆனால் கிராமத்தின் பெயரை எழுதியவன் தமிழறியாதவன். அந்நிய எழுத்திற் சிதைந்து கிடக்கும் பெயரை இது நம் சாவடி, இது நம் பாளையம் என்று படித்துச் சொல்லக்கூடியவன் இங்குள்ளவனேயன்றி வேறெவன்? அவனும் சொல்லமுடியாத காலம் நெருங்குகின்றது. 1980இல் கர்ணம் பதவி ஒழிந்தபின் ஊர்க்கதை முழுதும் அறிந்தவர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். பழைய பட்டாக்களும் பாகப்பத்திரங்களும் பரண்மேற் கிடந்து கரையானுக்கு இரையாகின்றன. ஒரு பாகப்பத்திரத்தில் மூவர் பிள்ளைகள் என்றிருந்து இருவருக்கே பங்கு பிரிந்திருக்குமாயின், மூன்றாமவன் எங்கே போனான் என்று கேட்க வேண்டாமோ?

ஆதலின், பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒதுக்கும் பக்கத்தில் 'கப்பலேறிப் போனவர்' என ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டுமென்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம். பெயர், தகப்பனார் பெயர், எந்தப் பஞ்சத்தில் அல்லது எந்தச் சண்டையிற் போனார், வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லிவரும் சொல் எதுவாயினும், இவ்வளவும் அதில் எழுதப்படுக. ஊர் தெரிந்தாற் போதும்; சாதி கேட்கவேண்டாம். வீட்டிலுள்ள பழம்பத்திரங்களை அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவார்களாக. படியெடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகின்றோம்.