வலியுறுத்துகிறோம்

(கிளாவரைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி, பஸ் வந்து நிக்கிற கடைசி ஊருக்கு ஒரேயொரு சொல்லைப் பத்திப் பேச வந்திருக்கேன்னு சிரிக்காதீங்க. பட்டா கேட்டு நீங்க எழுதி வச்சிருக்கிற மனுவைப் படிச்சேன். ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று முடியுது. நான் பேங்குல கிளார்க். இந்த வரியைத் தினமும் பார்க்கிறவன். சட்டப்படி தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறவரும் தாழ்மையோடுதான் எழுதுகிறார்.

அந்த இடத்தில் ‘வலியுறுத்துகிறோம்’ என்று போடுங்க. பழந்தமிழில் வலி என்றால் பலம். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. பலத்தை எடை போடுவது பற்றியது. உறு என்றால் அடை, உறுத்து என்றால் அடையச் செய். சொல்லுக்குப் பலம் ஏத்தறது, அவ்வளவுதான். ‘வற்புறுத்து’வும் இதே வழியில் பிறந்ததுதான், ஆனா இன்னைக்கு அதுல கட்டாயப்படுத்துற வாடை அடிக்குது. ஆளை வற்புறுத்துவோம், கோரிக்கையை வலியுறுத்துவோம்.

பேச்சுல நாம ‘அழுத்திச் சொல்லு’, ‘அடிச்சுச் சொல்லு’ன்னுதான் சொல்றோம். அப்படிச் சொன்னா நமக்கு என்ன பேர் கிடைக்குது? ஊர்ப் பெரியவர் ஒன்றை இரண்டு தரம் சொன்னால் ‘வலியுறுத்தினார்’. காலனிக்காரன் இரண்டு தரம் சொன்னால் ‘எதிர்த்துப் பேசுறான்’. எந்த அகராதியிலும் இந்தப் பொருள் போடவில்லை.

காரணையை நினைச்சுப் பாருங்க. பஞ்சமி நிலம் 1892-லேயே அரசு ஆணை போட்டு ஒதுக்கிய நிலம். கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று செங்கல்பட்டில் வலியுறுத்தினவர்கள் மீது 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். வலி என்ற சொல்லின் இரண்டு பொருளும் அன்றைக்கு ஒரே தெருவில் நின்றன.

பயமுறுத்தச் சொல்லலை. ஒரு சொல்லை மாத்தினா பட்டா வந்துடும்னும் சொல்லலை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ற பொழப்பு எனக்கு. சொல்லைவிடத் தேதியும் முத்திரையும்தான் அங்கே செல்லும். மனுவைக் கொடுத்தா ரசீது வாங்காம மலையேறாதீங்க.

இன்னொன்னு, கைநாட்டு. வயசான தாய்மாரோட கட்டைவிரலை நாங்களே பிடிச்சு மையில ஒத்தி, தாளில் அழுத்துறது பேங்குல பழக்கம். இன்னைக்கு நான் யார் விரலையும் பிடிக்கப் போறதில்லை. வரியை மாத்தி எழுதி வாசிச்சுக் காட்டறேன். சம்மதம்னா நீங்களே அழுத்துங்க, ஆத்தா.